ஜோர்ஜ் லவ்லெஸ் இரண்டு முறை இங்கிலாந்தை விட்டுப் போனார்

என் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலும் கடல் கடந்து வந்தவர்கள்தான் மூதாதையர். தகப்பன் வழியில் நாங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து. தாய் வழியில், 1840-களில் இங்கிலாந்தின் டோர்செட்டிலிருந்து கனடாவின் ஒன்ராறியோவுக்கு வந்து சேர்ந்த ஒரு பண்ணைக் கூலியாள். எங்கள் பக்கத்துக் கதையை நானே சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்தப் பக்கத்துக் கதையைச் சம்பந்தி அம்மாவிடம் கேட்டால் மூன்று சொற்களோடு முடிந்துவிடும்: டோர்செட், விவசாயம், மெதடிஸ்ட். எந்தக் கிராமம், எந்தக் கப்பல், ஏன் புறப்பட்டார் என்று அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை.

நான் ஊரில் ஒரு நொத்தாரிசிடம் எழுத்துவேலை பார்த்தவள். காணி உறுதி, தோம்பு எனும் பழைய காணிப் பதிவேடு, மரண சாதனம் என்று பழைய தாள்களுக்குள்ளேயே என் இளமை போனது. ஒரு காணியின் நான்கு எல்லையையும் வாசித்தால் அந்தக் குடும்பத்தில் யார் யாரோடு பேசவில்லை என்பதுகூடத் தெரிந்துவிடும். அதனால் இந்த ஆங்கிலேய மனிதரைத் தேடும் வேலையை நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். தேடத் தொடங்கியபோது எனக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் வேறொரு டோர்செட்காரர், ஜோர்ஜ் லவ்லெஸ். அவரும் பண்ணைக் கூலியாள், அவரும் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அவரும் அதே 1840-களில் இதே லண்டன் நகரத்துப் பக்கம் வந்து குடியேறியவர். நான் சொல்வது ஒன்ராறியோவில் இருக்கும் லண்டனை. ஃபேன்ஷா பார்க் வீதியின் கிழக்குப் பக்கத்தில் உள்ள சைலோம் மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எங்கள் ஆளைப் பற்றித் தாள் கிடையாது. லவ்லெஸைப் பற்றி அவர் வாழ்வின் சில ஆண்டுகளுக்குத் தாள் கொட்டிக் கிடக்கிறது. எந்த ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது, எவற்றுக்கு இல்லை என்று பார்த்தபோதுதான் இந்தத் தேடலின் இயல்பே எனக்கு விளங்கியது.

லவ்லெஸ் பிறந்தது 1797-இல். டோர்செட்டில் டோல்புடில் என்ற சிறிய கிராமம் அவர் வாழ்ந்த இடம். இங்கிலாந்தில் திருச்சபைப் பதிவேடுகள் 1538-லிருந்து எழுதப்பட்டு வருகின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு கோவில் வட்டாரத்திலும், ஏடு உண்டு. ஆனால் 1813-க்கு முந்திய ஞானஸ்நானப் பதிவுகளில் பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் பெற்றோர் பெயரும்தான் இருக்கும். அதற்குப் பிறகு அச்சிட்ட படிவம் வந்தது, தகப்பனின் தொழிலையும் எழுதினார்கள். மெதடிஸ்டுகளைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களில் பலர் தங்கள் ஜெப ஆலயத்திலேயே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஏடுகள் பங்குக் கோவிலில் கிடைக்காது. 1837-க்குப் பிறகு அவற்றை அரசு கேட்டு வாங்கிக்கொண்டதால் இன்று இங்கிலாந்தில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டோல்புடிலில் 1818-இல் கட்டிய சிறிய மெதடிஸ்ட் ஆலயத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. லவ்லெஸ் ஊர் ஊராக நடந்துபோய்ப் பிரசங்கம் செய்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத உழவுக்காரர், ஆனால் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர். அந்த எழுத்துதான் பின்னால் அவரைக் காப்பாற்றி வைத்தது.

கூலிக்கு வருவோம். வாரத்துக்கு 9 ஷில்லிங் வாங்கிய டோல்புடில் கூலியாட்களுக்கு 8 ஆக்கினார்கள், பிறகு 7. அடுத்து 6 ஆக்கப்போகிறோம் என்றார்கள். பக்கத்துப் பகுதிகளில் 10 ஷில்லிங் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1830-இல் தென் இங்கிலாந்து முழுக்கக் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்து, வைக்கோற்போருக்குத் தீ வைத்து, அதற்காகத் தூக்கிலிடப்பட்டும் நாடு கடத்தப்பட்டும் போயிருந்தார்கள். லவ்லெஸ் அந்த வழிக்குப் போகவில்லை. 1833 ஒக்டோபரில் ஒரு சங்கம் அமைத்தார். வேளாண் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று பெயர். கூடியது தோமஸ் ஸ்டான்ஃபீல்ட் வீட்டு மாடியில். லவ்லெஸின் சகோதரியைக் கட்டியவர் இவர்.

சங்கம் வைப்பது 1834-இல் குற்றமில்லை. அதற்கு எதிரான சட்டத்தை 1824-லேயே நீக்கிவிட்டார்கள். ஆகவே ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன் என்ற உள்ளூர் நீதவானும் உள்துறை அமைச்சரும் வேறொரு சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். 1797-இல் கடற்படையினர் கலகம் செய்தபோது இரகசியச் சத்தியப் பிரமாணங்களைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டம் அது. லவ்லெஸுக்கு என்ன வயதோ அதே வயதுள்ள சட்டம். சங்கத்தில் சேர்கிறவர்களின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூடு வரைந்த படத்துக்கு முன் மண்டியிட வைத்துச் சத்தியம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 1834 பிப்ரவரி 24 காலை கைது செய்தார்கள். மார்ச்சில் டோர்செஸ்டரில் விசாரணை. ஏழாண்டு நாடுகடத்தல் என்று தீர்ப்பு. ஜோர்ஜ், அவர் தம்பி ஜேம்ஸ், மைத்துனர் தோமஸ் ஸ்டான்ஃபீல்ட், தோமஸின் மகன் ஜோன், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட் என்று ஆறு பேர். நாங்கள் யாருடைய பெயருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யவில்லை, எங்களையும் பெண்டு பிள்ளைகளையும் பட்டினியிலிருந்து காக்கவே கூடினோம் என்று லவ்லெஸ் நீதிபதிக்கு எழுதிக் கொடுத்தார். அதையும் நீதிமன்றத்தில் காதில் விழாதபடி முணுமுணுத்து வாசித்து முடித்தார்கள் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

இந்த இடத்திலிருந்துதான் தாள் பெருகத் தொடங்குகிறது. ஐந்து பேரை நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். சிறையில் நோயுற்றதால் பின்தங்கிய ஜோர்ஜை மே மாதம் வேறு கப்பலில் ஏற்றி வான் டீமன்ஸ் லாண்டுக்கு, அதாவது இன்றைய தஸ்மேனியாவுக்கு, அனுப்பினார்கள். செப்டம்பரில் ஹோபார்ட் துறையில் இறக்கினார்கள். அங்கே இறங்கும் ஒவ்வொரு கைதியையும் நிறுத்தி உயரம் அளந்தார்கள். நிறம், தலைமயிர், கண், மூக்கு, மோவாய், உடம்பில் உள்ள தழும்பு என்று வரிசையாக எழுதினார்கள். என்ன குற்றம், திருமணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை தெரியும் என்றும் கேட்டு எழுதினார்கள். அந்தக் கைதி ஏடுகளை இன்று யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். தஸ்மேனியக் காப்பகத்தின் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

இந்த வகை ஏடுகளின் பக்கங்களைக் கணினியில் விரித்துப் பார்த்தபோது எனக்கு மனம் என்னவோ செய்தது. பிறந்தபோது ஒரு வரி மட்டும் எழுதிய நாடு, விலங்கு மாட்டிய பிறகு அவன் உடம்பின் தழும்பைக்கூட விடாமல் எழுதியிருக்கிறது. தங்கள் ஆங்கிலேய மூதாதையர் கைதியாகப் போனவர் என்று அறிந்து துக்கப்படுகிற குடும்பங்கள் உண்டு. ஆனால் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும் தாள் அந்தக் காலத்து ஏழைக்கு வேறு எங்கேயும் எளிதில் கிடைக்காது.

அப்புறம் நடந்தது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1834 ஏப்ரல் 21 அன்று இங்கிலாந்தின் இலண்டனில் கோப்பன்ஹேகன் மைதானத்தில் பல்லாயிரம் தொழிலாளர் கூடி ஊர்வலமாகப் போய் மனுக் கொடுத்தார்கள். கிளர்ச்சி ஓயவில்லை. 1836 மார்ச்சில் அரசு ஆறு பேருக்கும் முழு மன்னிப்புக் கொடுத்தது. ஆனால் தஸ்மேனியாவில் மாடு மேய்த்துப் பண்ணை வேலை செய்துகொண்டிருந்த லவ்லெஸுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. கைக்குக் கிடைத்த பழைய இலண்டன் செய்தித்தாள் ஒன்றைப் பார்த்துத்தான் தனக்கு மன்னிப்புக் கிடைத்ததை அவர் அறிந்தார். உடனே கப்பலேறவும் முடியவில்லை. மனைவி பெட்ஸியையும் பிள்ளைகளையும் அங்கே வரும்படி முன்பே எழுதியிருந்தார். அவர்கள் புறப்பட்டு வந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? கடிதம் போய் பதில் வரக் குறைந்தது எட்டு மாதமாகும் காலம். பதில் வரும்வரை காத்திருந்து, 1837 ஜனவரி கடைசியில் ஹோபார்ட்டை விட்டு, ஜூனில் இலண்டன் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தார்கள். ஹாமெட் 1839-இல்தான் வந்தார்.

ஆண்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களின் பெண்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்து போகின்றன. பங்கு ஏழைகளுக்குக் கொடுக்கும் நிவாரணத்தைக் கேட்டுப் போனபோது ஃப்ராம்ப்டன் கொடுக்கக்கூடாது என்றார். சங்கத்தில் சேர்வதற்குக் காசிருந்தால் சாப்பாட்டுக்கும் இருக்கும்தானே என்பது அவர் நியாயம். வேறு ஊர்த் தொழிலாளர்கள் அனுப்பிய நன்கொடைதான் அவர்களுக்குச் சோறு போட்டது. மூதாதையரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களின் கையெழுத்துக்குப் பின்னாலேயே ஓடுகிறோம். நிவாரணக் கணக்குகளில் பெண்களின் பெயர்களும் வரும். மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒரு சாட்சிதான்.

திரும்பி வந்தவர்களுக்காகத் தொழிலாளர் குழு நன்கொடை சேர்த்து எசெக்ஸ் மாவட்டத்தில் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தது. ஒன்று கிரீன்ஸ்டெட்டில், இன்னொன்று ஹை லேவரில். ஹாமெட் மட்டும் டோல்புடிலுக்கே திரும்பிப் போய்விட்டார். 1841 ஜூன் 6 கணக்கெடுப்பில் எசெக்ஸ் பண்ணைக் குடும்பங்களைத் தேடலாம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு கஞ்சத்தனமானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 44 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் கிடையாது, இதே மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்கொட்லாந்திலோ அயர்லாந்திலோ வெளிநாட்டிலோ பிறந்தவரா என்பது மட்டுமே. முதல் தடவையாகக் கணக்கெடுப்பைப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எசெக்ஸிலும் அவர்களை நிம்மதியாக விடவில்லை. அவர்கள் சாசன இயக்கக் கூட்டம் நடத்தினார்கள், அதாவது ஏழை ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட இயக்கம். உள்ளூர்ப் பாதிரியாரும் பண்ணைக்காரர்களும் பகைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். குத்தகை முடியும் காலம் நெருங்கியது. 1844-க்கும் 1846-க்கும் இடையில் ஐந்து குடும்பங்களும் கனடாவுக்குப் புறப்பட்டன. லவ்லெஸ் இரண்டாம் முறையாக இங்கிலாந்தை விட்டுப் போனார். இந்த முறை மனைவியோடு, சொந்த விருப்பத்தில்.

இந்த இரண்டாம் பயணத்தைத் தேடிப் போனால் தாள் ஒரேயடியாக மெலிந்துவிடுகிறது. இங்கிலாந்திலிருந்து வெளியே போகும் பயணிகளின் பெயர்ப் பட்டியல் ஒழுங்காகக் கிடைப்பது 1890-லிருந்துதான். கனடாவுக்கு வந்து இறங்குவோரின் பட்டியல் 1865-க்கு முன் பெரும்பாலும் இல்லை. வைத்திருக்கும்படி அரசு கேட்கவுமில்லை. விலங்கோடு போனவனின் மூக்கு எப்படி இருந்தது என்றுகூடத் தெரிகிறது, விலங்கில்லாமல் போனவன் வந்த கப்பலை ஊகிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளின் மூதாதையர் விஷயத்தில் கப்பலைத் தேடித் தேடி மனம் சோர்ந்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். தாள் இல்லாததற்குக் காரணம் குடும்பத்தின் அலட்சியமில்லை. அவர் யாருக்கும் குற்றவாளியாக இருக்கவில்லை, அதனால் யாரும் எழுதி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு சுதந்திர மனிதனின் தாள்களைத்தான் பொறுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அதற்கு நல்ல வசதி உண்டு. இங்கே காணிகளை நகராண்மைப் பகுதி, அதற்குள் கன்செஷன் எனும் காணி வரிசை, அதற்குள் லொட் எனும் தனிக் காணி என்று கட்டம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு லொட்டுக்கும் ஒரு சுருக்க அட்டவணை ஏடு. அரசிடமிருந்து முதலில் வாங்கியவர் தொடங்கி, விற்றவர், வாங்கியவர், ஈடு வைத்தவர், ஈட்டை மீட்டவர் எல்லாரும் வரிசையாக வருவார்கள். எனக்கு இது பிறந்த வீட்டுக்குப் போனது மாதிரி. 1851-ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பை 1852 ஜனவரியில் எடுத்தார்கள். அதில் மதத்துக்கு ஒரு பத்தி உண்டு. மெதடிஸ்ட் என்றால் எந்தப் பிரிவு என்றும் எழுதுவார்கள். அந்தப் பத்தியை வைத்தே எந்த ஆலயத்தின் ஏட்டைத் தேடுவது என்று முடிவெடுக்கலாம். லவ்லெஸ் குடும்பம் லண்டன் நகராண்மைப் பகுதியில் நிலம் வாங்கி உழுதது. சைலோம் ஆலயத்தைக் கட்டுவதில் ஜோர்ஜுக்குப் பங்கு உண்டு. 1869 ஜூலை 1 முதல் ஒன்ராறியோ அரசு பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது. ஜோர்ஜ் இறந்தது 1874-இல். ஏழாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டவர் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறார். அதில் ஏறத்தாழ முப்பது ஆண்டு இங்கே. புத்தகங்கள் அந்த முப்பது ஆண்டுக்கு ஒரு பத்தி ஒதுக்குகின்றன.

இங்கே வந்தபின் அவர்கள் பழைய கதையைப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்களாம், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் சொல்லவில்லையாம். இது பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் இதை அப்படியே விழுங்கவில்லை. கைது நடந்தபோது ஜோர்ஜுக்கு மூன்று சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அப்பா இல்லாத ஆண்டுகளைப் பட்டினியோடு கழித்த பிள்ளைக்கு யார் புதிதாகச் சொல்ல வேண்டும்? அறியாமல் வளர்ந்தவர்கள் அடுத்த தலைமுறைதான்.

வெட்கத்தால் மறைத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். டோர்செஸ்டரிலிருந்து போர்ட்ஸ்மத்துக்குக் கொண்டுபோன வழியில் சாலிஸ்பரி நகரம் வந்தபோது, சங்கிலிச் சத்தம் கேட்டுச் சனம் கூடுமே, கால்விலங்கைக் கழற்றிவிடட்டுமா என்று கூட வந்தவர் கேட்டிருக்கிறார். நான் குற்றமற்றவன், விலங்கைப் போட்டிருக்க எனக்கு வெட்கமில்லை என்று லவ்லெஸ் மறுத்துவிட்டார். இதை அவரே 1837-இல் அச்சிட்ட சிறு நூலில் எழுதியிருக்கிறார். தன் வழக்கு, கப்பல், சங்கிலிக் கூட்டத்தில் செய்த வேலை எல்லாவற்றையும் அந்த நூலில் வைத்துவிட்டார். ஊரறிய ஒரு முறை சொல்லி முடித்தவர் மறுபடி சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் வெட்கமில்லை. எசெக்ஸில் பட்டபிறகு பிள்ளைகள் அண்டை வீட்டாரின் வாய்க்கு இரையாகாமல் நிலத்தை உழுது வாழட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வீடுகளில் இதே மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். ஊரில் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு இங்கே வந்து, இரவு வேலைக்குப் போய், வீடு வாங்கி, பிள்ளைகளைப் பட்டதாரியாக்கிய மனிதர்கள். முதுகுத் தழும்பைப் பற்றிப் பிள்ளை கேட்டால் கிணற்றடியில் விழுந்தது என்பார்கள். பிள்ளை படித்து முடிக்கட்டும் என்பார்கள், முடித்த பிறகும் சொல்வதில்லை.

அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்காக வைத்த மௌனம். அவர்களும் போய், அவர்களின் பேரப்பிள்ளைகளும் கிழவர்களான பிறகு அதைக் காத்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு? இப்போது இந்த லண்டனில் அவர்கள் பெயரில் நினைவுச் சின்னமும் குடியிருப்பும் இருக்கின்றன. ஜேம்ஸ் பிரைன் எல்லாருக்கும் கடைசியாக 1902-இல் செயின்ட் மேரிஸ் ஊரில் அடக்கமானார். இருந்த இடத்திலேயே இருந்த ஹாமெட்டின் முடிவையும் சொல்ல வேண்டும். அவர் 1891-இல் டோர்செஸ்டர் ஏழைகள் விடுதியில் பார்வையிழந்து இறந்தார். டோல்புடில் கோவில் முற்றத்தில் அவருக்குப் பெயர் பொறித்த கல் வைத்தது 1934-இல். கனடாவுக்கு வந்ததால் லவ்லெஸ் என்ன பெற்றார் என்று கேட்பவர்களுக்கு நான் ஹாமெட்டைத்தான் காட்டுவேன். கையில் சொந்தக் காணி, தலைமாட்டில் சொந்தக் கல்.

சரி, எங்கள் ஆளுக்கு வருகிறேன். கப்பலைத் தேடுவதை விட்டுவிட்டுக் காணியிலிருந்து பின்னோக்கிப் போனேன். சுருக்க அட்டவணை ஏட்டில் அவர் பெயர் கிடைத்தது. அவர் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரரும், ஈட்டுக்குச் சாட்சி வைத்தவரும் டோர்செட்காரர்கள் என்று தெரிந்தது. இப்படிப் புறப்பட்டவர்கள் தனியாகப் புறப்படுவது அரிது. பக்கத்துக் காணிக்காரரின் ஊர் தெரிந்தால் நம்முடையவரின் ஊரும் அங்கேதான் எங்கேயோ இருக்கும். அடுத்து, ரொறன்ரோவில் 1829-லிருந்து வெளிவந்த கிறிஸ்டியன் கார்டியன் என்ற மெதடிஸ்ட் வாரப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களைப் பார்த்தேன். அங்கே வெறும் பெயரோடு விடமாட்டார்கள். எங்கே பிறந்தார், எப்போது மனம் திரும்பினார், எந்த ஆண்டு கனடா வந்தார் என்று எழுதுவார்கள். அந்தச் சாட்சிக்காரரின் அறிவித்தலில் ஊர் பெயர் இருந்தது. அந்த ஊர்ப் பங்கின் ஏட்டில், 1813-க்குப் பிந்திய அச்சுப் படிவத்தில், எங்களவரின் ஞானஸ்நானம் இருந்தது. தகப்பன் தொழில் என்ற பத்தியில் கூலியாள் என்று போட்டிருந்தது.

சம்பந்தி அம்மாவுக்கு அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன். அவர் தொலைபேசியில் அழுதார். கூலியாள் என்ற சொல்லைத் தன் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே தன் அப்பா, தன் அண்ணன், தன் மகள் செய்த வேலைகளையெல்லாம் வரிசையாக எழுதியதாகச் சொன்னார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது அந்தக் கிராமத்தைக் கணினி வரைபடத்தில் தேடிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்பம்மா, எங்கட ஊரைவிடச் சின்னது என்றான் பெரியவன்.

இனிப் பார்க்க வேண்டியது அந்தப் பங்கின் கணக்குகள். 1834-இல் வந்த ஏழைச் சட்டத்தின் கீழ், ஏழைகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் பங்குகள் பணம் திரட்டலாம், அதற்கு இலண்டனில் இருந்த ஆணையாளர்களின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்துக் கட்டுகள் கியூவில் இருக்கின்றன. பங்கு காசு கொடுத்து அவரை அனுப்பியிருந்தால் பெயர், வயது, பிள்ளைகள், உடுப்புக்குக் கொடுத்த தொகை எல்லாம் அந்தக் கட்டில் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால், அவர் தன் காசில் வந்தவராக இருக்கலாம். சம்பந்தி அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எனக்கு முதலாவது.